அம்மா மாத்திரையை எடுத்துத்தான் வைத்திருந்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில வினைச்சொல் பகுதியில் 'டேக்' வந்திருந்தது. 'டேக் என்றால் எடு' என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே பத்து எடுத்துக்காட்டுகள். பத்துக்கும் தமிழ் 'எடு'தான். மருந்து எடு, பேருந்து எடு, தேர்வு எடு, குளியல் எடு என்று வரிசையாகப் போகிறது. முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவள் நான். முன்பென்றால் ஒரு சிரிப்போடு பக்கத்தைத் திருப்பியிருப்பேன். ஆனால் இந்த 'மருந்து எடு' எங்கள் வீட்டில் போன மாதம் செய்த வேலையால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 86 வயது. பிரஷருக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் திருச்சி போக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொடுப்பார்கள், மாத்திரையை ஞாபகப்படுத்துவது பெங்களூரில் இருக்கும் என் மகளின் பொறுப்பு. அவளும் மறக்காமல் இரண்டு வேளையும் போன் போட்டிருக்கிறாள். "ஆச்சி, மாத்திரை எடுத்தீங்களா?" "எடுத்தாச்சுட்டீ." அவ்வளவுதான் பேச்சு. ஆச்சி பொய் சொல்கிறவள் இல்லை. நான் திரும்பி வந்து சாமி மாடத்தில் விளக்கேற்றப் போனால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், அதில் நாலு வெள்ளை மாத்திரை. இதென்னம்மா என்றால், "எடுக்கச் சொன்னா, எடுத்துத்தான வச்சிருக்கேன். திங்கணும்னு யாரு சொன்னா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு சாயந்திரம் பிரஷர் 170-ஐத் தாண்டியிருந்தது.

யார் மேல் தப்புச் சொல்வது? மகள் கேட்டது ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொன்ன கேள்வி. அம்மா கேட்டதும் புரிந்துகொண்டதும் தமிழில். எங்கள் பக்கம் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி வெளியே கொண்டுவருவதுதான் எடுப்பது. அதற்குப் பிறகு நடப்பது 'போடுவது', அல்லது 'சாப்பிடுவது'. வாயில் போடுகிறோம், அதனால் மாத்திரை போடு. கஷாயம் என்றால் குடி. தைலம் என்றால் தேய். சொட்டு மருந்து என்றால் விடு. ஊசி என்றால் டாக்டர் போடுவார், நாம் போட்டுக்கொள்வோம். ஆங்கிலத்தில் வாய்வழியே உள்ளே போகிற மருந்து எதுவானாலும் ஒரே 'டேக்' போதும். தமிழில் ஒவ்வொரு மருந்தும் தன் வழிக்கு ஒரு வினை வைத்திருக்கிறது. அந்த வினையை மாற்றினால் மருந்து கிண்ணத்தோடு நின்றுவிடுகிறது.

'மாத்திரை எடுத்துக்கோங்க' என்று எல்லா டாக்டர்களும்தானே சொல்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், அந்தக் 'கொள்' ஒட்டிக்கொண்டால் ஓரளவு காப்பாற்றும். உங்கள் பட்டியலில் அதுகூட இல்லை, வெறும் 'எடு'.

'எடு' என்ற சொல்லுக்குத் தமிழில் அடிப்படை தூக்குவதுதான். குறளில் மழையைச் சொல்லும் இடத்தில் 'எடுப்பதூஉம் எல்லாம் மழை' என்று வருகிறதே, அங்கே எடுப்பது என்றால் கெட்டுப் போனவரைக் கைதூக்கி விடுவது. அந்தத் தூக்குதலிலிருந்து கிளம்பி இந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது. பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, குழந்தை வாந்தி எடுக்கிறது, கொடைக்கு முளைப்பாரி எடுக்கிறார்கள், வயலில் களை எடுக்கிறார்கள், தையல்காரர் அளவெடுக்கிறார், பாம்பு படம் எடுக்கிறது, டைரக்டரும் படம் எடுக்கிறார். இவற்றில் எத்தனையை 'டேக்' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியும்? அளவெடுப்பதைச் சொல்லலாம். பாம்பை வைத்து முயன்று பார்த்தால் பாம்பின் கையில் கேமராவைக் கொடுத்தது மாதிரி ஆகும்.

துணி விஷயம் இன்னும் வேடிக்கை. நான் கடைசி பதினோரு வருடம் வேலை பார்த்த பள்ளியில் பாதிப் பிள்ளைகள் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். தீபாவளி முடிந்து வந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு 'என் தீபாவளி' என்று ஒரு பத்தி எழுதச் சொல்வேன். வருடம் தவறாமல் பத்துப் பேராவது எழுதுவார்கள்: 'மை ஃபாதர் டுக் டிரஸ் இன் மதுரை.' நமக்குக் காய்கறி வாங்குவது, நகை வாங்குவது, துணி மட்டும் எடுப்பது. கடைக்காரர் மலைபோல விரித்துப் போட்டதிலிருந்து ஒன்றைத் தூக்கி 'இது' என்கிறோம், அதனால் எடுப்பது என்று நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு ஆங்கிலேயர் படித்தால் அப்பா காசு கொடுத்தாரா என்ற சந்தேகம் வரும். இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். எழுதிய பையன் மட்டும் சிரிக்க மாட்டான். "எங்கப்பா கடன் வாங்கி எடுத்தாரு டீச்சர்" என்று ஒருவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை வகுப்பில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். நோட்டில் சத்தமில்லாமல் 'பாட்' என்று திருத்திக் கொடுப்பேன்.

அடுத்து பேருந்து. உங்கள் மூன்றாவது எடுத்துக்காட்டு, 'நான் காலை 6 மணிப் பேருந்தை எடுக்கிறேன்.' ஐயா, எங்கள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள். "நீங்கதான் டிரைவரா?" என்று கேட்பார்கள். "திருநெல்வேலி வண்டி எப்ப எடுப்பாங்க?" என்றால் எப்போது கிளம்பும் என்று அர்த்தம். வண்டியை எடுப்பவர் டிரைவர். நாம் பஸ்ஸைப் பிடிக்கிறோம். பிடிக்கத்தான் செய்கிறோம், ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. கிளம்பிவிட்டால் விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்திலும் 'கேட்ச்' இருக்கிறது, நம்மைப் போலவே ஓடிப் பிடிப்பதற்கு. 'டேக் எ பஸ்' என்பது அவர்களுக்குப் போகும் வழியைத் தேர்ந்துகொள்வது: ரயிலா பஸ்ஸா என்றால் பஸ். தமிழில் அதற்கு 'பஸ்ஸில் போனேன்' போதும். எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

வகுப்பில் நான் ஒரு முறை வைத்திருந்தேன். அரும்பெரும் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, அனுபவத்தில் வந்தது. 'டேக்' தனியாக வரும்போது அதற்குக் கனம் உண்டு: கை போகிறது, பொருள் வருகிறது. 'டேக் திஸ் சாக்பீஸ்' என்றால் சாக்பீஸ் கை மாறுகிறது. ஆனால் 'டேக் எ வாக்', 'டேக் எ லுக்', 'டேக் எ பாத்', 'டேக் எ பிரெத்' என்று வரும்போது அர்த்தம் முழுக்கப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. 'டேக்' வெறும் சுமைகூலி, மூட்டையைத் தூக்கி வாக்கியத்துக்குள் இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அப்போது நாம் மொழிபெயர்க்க வேண்டியது மூட்டையை, சுமக்கிறவரை இல்லை. நட, பார், குளி, மூச்சு இழு. ஒரே வினையில் தமிழில் வேலை முடிகிறது. 'சூடான குளியல் ஒன்றை எடுத்துக்கொண்டாள்' என்று மொழிபெயர்ப்புக் கதைகளில் வாசிக்கும்போது, யாரோ குளியலறையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இந்தச் சுமைகூலி வேலையில் ஆங்கிலேயர்களுக்கே ஒற்றுமை கிடையாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். குளியலுக்கு பிரிட்டனில் 'ஹேவ்', அமெரிக்காவில் 'டேக்' என்பது பொது வழக்கம். முடிவு விஷயத்தில் அமெரிக்கர்கள் 'மேக்' என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் 'டேக்' என்றும் சொல்வார்கள். நாமும் முடிவு செய்கிறோம், முடிவெடுக்கிறோம். ஆக, எந்தப் பெயர்ச்சொல் எந்த வினையோடு ஜோடி சேரும் என்பதற்கு இலக்கண விதி தேடிப் பயனில்லை. ஜோடியாகவே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

இதற்கு நல்ல உதாரணம் லீவு. ஆங்கிலத்தில் 'டேக் லீவ்'. நாம் லீவு 'போடுகிறோம்'. ஏன்? லீவ் லெட்டர் என்று ஒரு காகிதம் இருந்தது, அதை எழுதி ஹெட்மாஸ்டர் மேஜையில் போட்டோம். காகிதம் போய் மொபைல் ஆப் வந்த பிறகும் போடுவது நிற்கவில்லை. ஆனால் 'ரிஸ்க்', 'ரெஸ்ட்', 'பிரேக்' எல்லாம் வரும்போதே 'எடு'வைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. ரிஸ்க் எடுக்காதே, கொஞ்சம் ரெஸ்ட் எடு. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் பேசுகிறேன். பாடம் நடத்தினேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, ஸ்டாஃப் ரூமில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. 'நைன்த் பி-க்கு யாரு கிளாஸ் எடுக்கா?' என்றுதான் கேட்போம்.

பரீட்சைக்கு வருகிறேன். 'தேர்வு எடு' என்று நீங்கள் போட்டதைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. தமிழ்நாட்டில் பரீட்சை எழுதுவோம். அதனால்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'ஐ ரோட் தி எக்ஸாம்' என்கிறார்கள். இந்திக்காரர்கள் அவர்கள் மொழியில் பரீட்சையைக் 'கொடுக்கிறார்கள்', வாத்தியார்தான் 'எடுக்கிறார்'. அதனால் அவர்கள் ஆங்கிலத்தில் மாணவன் 'கிவ்' பண்ணுவான். பல வருடம் இந்த 'ரோட்'டைச் சிவப்பு மையில் அடித்து 'டுக்' என்று எழுதியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட 'ரைட் அன் எக்ஸாம்' என்பது சாதாரண வழக்கு என்று. அடித்ததெல்லாம் வீண்தானே என்று இருந்தது.

கோபம் தணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990-களில் வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது, பக்கத்து அகதிகள் முகாமிலிருந்து ஒரு இலங்கைப் பெண் பிள்ளை என் வகுப்புக்கு வந்தாள். "மிஸ், நான் அங்க சோதினை எடுத்தனான்" என்றாள் முதல் நாள். யாருக்கு நீ சோதனை எடுத்தாய் என்று நான் கேட்க, அவள் விழிக்க, பிறகுதான் விளங்கியது. அங்கே பரீட்சையை மாணவர்கள்தான் எடுக்கிறார்கள். இன்னொரு நாள் "அப்பாவுக்குக் கோல் எடுக்கோணும்" என்றாள். நமக்கு போன் எடுப்பது என்றால் மணி அடித்ததும் எடுத்துப் பேசுவது. அவர்களுக்குக் கோல் எடுப்பது நாமாகக் கூப்பிடுவது. ஒரே தமிழ், ஒரே 'எடு', நேர் எதிர்த் திசை. ஆகவே 'தேர்வு எடு' தமிழே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் அது தமிழ்தான். தமிழ்நாட்டு மாணவர் பக்கத்தில் போடும்போது 'எழுது' என்று போடுங்கள், அவ்வளவுதான்.

'டேக்' ஆங்கிலத்துக்கே வந்தேறி என்பதை உங்கள் பகுதி ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் கதை அது. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமன்' என்று ஒரு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'நேமன்' என்கிறார்கள். 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் கடல் வழியே வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங் மக்கள் பேசிய மொழியில் 'டாகா' என்ற வினை இருந்தது. அது மெல்ல மெல்ல உள்ளூர் 'நிமன்'னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டது. கடன் வாங்கும் மொழி பெரும்பாலும் பெயர்ச்சொல்லைத்தான் வாங்கும். ஆங்கிலமும் அவர்களிடமிருந்து முட்டைக்கு 'எக்', ஜன்னலுக்கு 'விண்டோ' என்று வாங்கியது. ஆனால் நாளெல்லாம் புழங்குகிற 'எடு'வையே வாங்கியிருக்கிறார்கள் என்றால், இரண்டு கூட்டமும் எவ்வளவு நெருங்கிப் பழகியிருக்க வேண்டும்! 'தே', 'தெம்' என்ற சொற்களும் அந்த வழியில் வந்தவைதான்.

பழைய 'நிமன்' முழுக்கச் செத்துவிடவில்லை. சுறுசுறுப்பைச் சொல்லும் 'நிம்பிள்' அதன் வழி வந்தது, சட்டென்று எடுக்கத் தெரிந்தவன் என்ற அர்த்தத்தில். கைகால் மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்ப்' என்ற சொல்லும் அதன் பிள்ளைதான். 'எடுக்கப்பட்டது' என்று பொருள். குளிரோ பயமோ அந்த விரலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. டிசம்பர் மாதக் காலை வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் விரலை நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இன்னும் பின்னால் போனால், 'டேக்'கின் உறவுக்காரச் சொல் ஒன்று கோதிக் என்ற மறைந்துபோன மொழியில் 'தொடு' என்ற பொருளில் இருந்திருக்கிறது. தொட்டவர்கள் பிறகு எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பின்னொட்டோடு வரும் 'டேக்'குகளை நீங்கள் தொடவே இல்லை. இடமில்லை என்று விட்டிருப்பீர்கள். ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். விமானம் 'டேக் ஆஃப்' ஆவது எல்லோருக்கும் தெரியும், செருப்பைக் கழற்றுவதும் அதே 'டேக் ஆஃப்' என்றால் முழிக்கிறார்கள். 'டேக் இன்' என்றால் வீட்டில் இடம் கொடுப்பது, சட்டையைப் பிடித்துத் தைப்பது, ஏமாற்றுவது, மூன்றும். 'ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்' என்ற வாக்கியத்துக்கு ஒரு மாணவன் 'அவன் அப்பாவுக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறான்' என்று எழுதினான். சாப்பாட்டுத் தட்டை நினைத்திருப்பான், பாவம். அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்று நாம் சொல்வோமே, அதுதான் என்றதும் அடுத்த நாளே அவன் தங்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தான், சரியாக.

நேரம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்பதற்கு நீங்கள் போட்டிருப்பது 'இரண்டு மணி நேரம் எடுக்கிறது.' இங்கே நேரம் 'ஆகும்' அல்லது 'பிடிக்கும்'. தென்காசியிலிருந்து வருகிறவர் "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றுதான் கேட்கப்படுவார்.

அரசு மொழியில் வரும் 'நடவடிக்கை எடுக்கப்படும்' ஆங்கிலத்து 'டேக் ஆக்‌ஷன்' அச்சில் வார்த்ததுதான். ஊறிப்போய்விட்டது, இனி விரட்ட முடியாது. விரட்டவும் வேண்டாம். பழைய குமாஸ்தாக்கள் எழுதிய 'ஆவன செய்யப்படும்' என்பதில் குறைந்தபட்சம் ஒரு 'செய்' இருந்தது. எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் கொடுத்த மனுவுக்கு 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்து ஆறு மாதம் ஆகிறது. விளக்கு எரியவில்லை. எடுத்திருப்பார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அம்மாவைப் போல எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பார்கள்.

எனக்கு உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். வினையைத் தனியாக அச்சடிக்காதீர்கள். 'டேக் எ டேப்லெட்' என்று முழு ஜோடியையும் போட்டு, எதிரே 'மாத்திரை போடு' என்று தமிழ் ஜோடியைப் போடுங்கள். இடம் போதாவிட்டால் பத்துக்கு ஐந்து போதும். அடுத்த வாரம் 'கெட்' வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இதுவும் வைக்கிங் வழியில் வந்த சொல்தான், 'டேக்'கைவிடப் பொல்லாதது. 'கெட் என்றால் பெறு' என்று ஆரம்பித்தால் ஈரமானதையும் கோபப்பட்டதையும் ஊர் வந்து சேர்ந்ததையும் எல்லாம் பிள்ளைகள் பெற வேண்டியிருக்கும். அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒரு வயதானவரிடம் தமிழ்ப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சங்கரன்கோவில்.

பின்குறிப்பு: அம்மாவுக்கு இப்போது பிரஷர் 140-க்குள் இருக்கிறது. மகள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். "ஆச்சி, மாத்திரையை முழுங்கியாச்சா?" என்று கேட்கிறாள். "தண்ணி குடிச்சு முழுங்கியாச்சு, கிண்ணத்தையும் கழுவிக் கவுத்தாச்சு" என்று அம்மா போனில் சத்தமாகச் சொல்கிறாள், எனக்கும் கேட்கட்டும் என்று.